ரிவால்வரில் கரி ஏறினால்: கருமருந்து சுடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் வார இறுதியில் சுடுதளத்துக்குப் போகிறார்கள். புதிய துப்பாக்கிகள் அலுத்த பிறகு 1851, 1860 என்று ஆண்டைப் பெயரில் தாங்கிய, கருமருந்து போட்டுச் சுடும் பழைய மாதிரி ரிவால்வர்களில் கை வைக்கிறார்கள். முதல் இரண்டு சுற்று அருமையாகப் போகும். மூன்றாவதில் உருளை நகர மறுக்கும். அன்று இரவே ஊருக்குக் கேள்வி வந்துவிடும். இன்னொரு பக்கம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டக்காரர்கள். பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்று, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல் வைத்திருப்பவர்கள். துப்பாக்கி வேறாக இருந்தாலும் இருவருக்கும் தொல்லை கொடுக்கும் கரி ஒன்றுதான். ஆகவே பதில்களைச் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த ரிவால்வர்களில் உருளையின் ஒவ்வோர் அறையிலும் மருந்தையும் ஈயக் குண்டையும் முன்பக்கமிருந்து கையால் கெட்டிக்க வேண்டும். இங்கே ஒரு சுற்று என்றால் உருளையின் ஆறு அறைகளும் சுட்டுத் தீர்வது. உருளை சுழலும் நடுக்கம்பியை அச்சு என்றும், அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு செப்புத் தொப்பியைக் கேப் என்றும், அதை மாட்டும் இடத்தை முளை என்றும், கேப்பின் மேல் வந்து அடிப்பதைக் குதிரை என்றும் சொல்கிறேன்.

கருமருந்து மட்டும் ஏன் இவ்வளவு அழுக்கு விடுகிறது?

அதன் சேர்மானமே அப்படி. வெடியுப்பு 75 பங்கு, கரித்தூள் 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. எரியும்போது எடையில் பாதிக்கும் குறைவாகவே வாயுவாகிக் குண்டைத் தள்ளுகிறது. மீதி திடப்பொருள். அதில் ஒரு பகுதி அந்த வெள்ளைப் புகையாக வெளியேறும். எஞ்சியது குழலிலும் உருளை முகப்பிலும் அச்சிலும் படியும். இன்றைய துப்பாக்கிகளில் போடும் புகையில்லா மருந்து ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடுவதால் அதைச் சுடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியாது.

படிவது வெறும் கரி என்று நினைத்துக்கொள்வதால்தான் பாதித் தவறு நடக்கிறது. அதில் பெரும்பங்கு உப்பு: பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்ஃபைடு. இந்த உப்புகள் தண்ணீரில் கரையும். மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கரையாது. இவை காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். வெல்லத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கோடையில் கல், மழைக்காலத்தில் பிசின். சுடுதளத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை கரியை அடியோடு நீக்குவது அல்ல. அதை இறுகவிடாமல் இளக்கமாக வைத்திருப்பதுதான்.

அண்ணா, பதினைந்து குண்டுக்குள் உருளை இறுகிவிடுகிறது. குழலைத் துடைத்தும் பயனில்லை. ஏன்?

குழலில் குற்றமே இல்லை, தம்பி. உருளைக்கும் குழலுக்கும் இடையே மயிரிழை இடைவெளி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் அதன் வழியே சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு, உருளை முகப்பிலும் அச்சின் முன்பகுதியிலும் கரியை அடிக்கிறது. இறுகுவது அங்கேதான். நூறு முறை குழலைத் துடைத்தாலும் அச்சு அப்படியே இருக்கும்.

இதில் கோல்ட், ரெமிங்டன் என்ற இரண்டு பழைய மாதிரிகளுக்கும் குணம் வேறு. கோல்ட் மாதிரியில் அச்சு தடிமனானது. அதில் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்கள் கொழுப்பைப் பிடித்து வைக்கும், கரிக்கும் ஒதுங்க இடம் கொடுக்கும். அதனால் அது நெடுநேரம் ஓடும். ஆனால் பிரிக்க வேண்டுமென்றால் குழலைப் பிடித்து நிற்கும் ஆப்பைத் தட்டிக் குழலையே கழற்ற வேண்டும். ரெமிங்டன் மாதிரியில் உருளைக்கு மேலே சட்டத்தோடு சேர்ந்த மேல்பாலம் உண்டு, உறுதியானது. ஆனால் அச்சு மெல்லியது, வழவழப்பானது, பீறிடும் கரி நேரே அதன்மேல் விழும். சீக்கிரம் இறுகும். அதற்கு ஈடாக, குண்டை அழுத்தும் நெம்புகோலை இறக்கி அச்சை இழுத்தால் உருளை கையில் வந்துவிடும். நீண்ட நேரம் சுடுகிறவருக்கு எது நல்லது என்று கேட்டால், அடிக்கடி துடைக்கும் பொறுமை உள்ளவருக்கு ரெமிங்டன், பொறுமை இல்லாதவருக்கு கோல்ட் என்பேன்.

ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே என்னதான் செய்ய வேண்டும்?

முதலில் ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணால் பாருங்கள். எண்ணிக்கையை நம்ப வேண்டாம். கேப் வெடித்தும் மருந்து பற்றாத அறை ஒன்று மிஞ்சியிருக்கலாம். பிறகு ஈரத் துணியால் உருளையின் முகப்பை ஒரு துடை, பின்பக்கத்தை ஒரு துடை. ரெமிங்டன் என்றால் அச்சை இழுத்து அதையும் துடைத்து, ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுத் திரும்பச் செருகுங்கள். கோல்ட் என்றால் உருளைக்கு முன்னால், அச்சு தெரிகிற இடத்தில் ஒரு சொட்டு விட்டு உருளையைக் கையால் சுற்றுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை குழலுக்குள் ஈரத் துணித்துண்டு ஒன்று, உலர்ந்த துண்டு ஒன்று. துணி நனைந்திருக்க வேண்டும், சொட்டக் கூடாது. அறைக்குள் தண்ணீர் இறங்கினால் அடுத்து போடும் மருந்து நமத்துப்போகும். கேப் மட்டும் டப்பென்று வெடித்து நின்றுவிடும்.

துணி நனைக்க விலை உயர்ந்த கரைப்பான் எதுவும் வேண்டாம். தண்ணீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு இரண்டு சொட்டு. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு பாலிஸ்டால் எண்ணெய் எளிதில் கிடைக்கும். 1904இல் ஜெர்மனியில் வந்தது, தண்ணீரோடு கலந்து பால்போல் ஆகும், அதுவும் நன்றாக வேலை செய்கிறது.

முகவாய்த் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டிகளில் 30 நிமிடத்தில் 13 குண்டுகள் சுட வேண்டும், சிறந்த 10 மட்டும் கணக்கு. ரிவால்வரில் அது இரண்டு முழுச் சுற்றும் மூன்றாவதில் ஒரு குண்டும். அந்த அரைமணி நேரத்திலும் துடைக்கிறவர்கள் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பொழுதுபோக்குக்குச் சுடுகிற நமக்கு என்ன அவசரம்?

இடத்துக்கு இடம் கரி மாறுமா? போன மாதம் நன்றாக ஓடிய துப்பாக்கி இந்த மாதம் இறுகுகிறது.

துப்பாக்கி மாறவில்லை, காற்று மாறியிருக்கிறது. சேலத்தில் ஏப்ரல் மதியம், வெயில் நாற்பது டிகிரியைத் தொடும், காற்றில் ஈரமே இராது. அந்தக் காற்றில் கரி சுட்ட சில நிமிடங்களில் ஓடுபோல் காய்ந்து இறுகும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காட்டு மூடுபனிக்குள் போனால் அதே கரி மென்மையாகக் கிடக்கும். உருளை இன்னும் ஒரு சுற்று கூடுதலாக ஓடும். அரிசோனாவில் இருப்பவர் சேலத்துக் கணக்கையும், சியாட்டிலில் இருப்பவர் ஏற்காட்டுக் கணக்கையும் வைத்துக்கொள்ளலாம்.

வறண்ட நாளில் துணியை அதிகம் நனையுங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் துடையுங்கள், சுட்ட துப்பாக்கியை வெயிலில் வைத்துவிட்டுக் கதை பேசாதீர்கள். ஈரமான நாளில் சுடும்போது தொல்லை குறைவு. ஆனால் வீட்டுக்குப் போனதும் காத்திருக்கக் கூடாது. உப்பு ஈரம் குடித்து அன்று இரவே துருவைத் தொடங்கிவைக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொலைதூரப் போட்டிகளில், பின்புறம் திறக்கும் ரைஃபிள் வைத்திருந்தவர்கள் ஒரு சிறு குழாய் வழியே குழலுக்குள் மூச்சை ஊதுவார்கள். மூச்சின் ஈரம் கரியை இளக்கும் என்பதுதான் காரணம். படித்துவிட்டு ரிவால்வரின் வாயில் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கியின் வாய்க்கு நேரே நம் முகம் எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. ஈரத் துணி இருக்கும்போது மூச்சு எதற்கு?

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெயா, தையல் மெஷின் எண்ணெயா?

சுடும் நேரத்தில் கனிம எண்ணெய் எதுவும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய், வண்டி எண்ணெய், கிரீஸ் எல்லாம் அதில் அடக்கம். கரியோடு சேர்ந்து எரிந்து தார்போல் ஒட்டிக்கொள்கிறது என்பது கருமருந்து சுடுவோர் பலரும் கண்டது.

தாவர எண்ணெய்களில் என் ஓட்டு விளக்கெண்ணெய்க்கு. சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆமணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஏத்தாப்பூரில் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. விளக்கெண்ணெய் கெட்டியானது, சூட்டில் எளிதில் ஓடாது, காற்றுப் பட்டு இறுகிப் பிசினாகவும் ஆகாது. நல்லெண்ணெய் அப்படியல்ல, நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உருகும். சேலத்தில் தண்ணீராய் ஓடிவிடும், மார்கழி ஏற்காட்டில் கல்லாய் உறைந்துவிடும். அவசரத்துக்கு ஆகும், வழக்கத்துக்கு ஆகாது.

அறையில் கெட்டித்த குண்டின் மேல் பூசும் கொழுப்பை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாக. உப்புப் போடாத ஆட்டுக்கொழுப்பை உருக்கி வடிகட்டிக்கொள்ளுங்கள். அதில் தேன்மெழுகைச் சேர்த்து உருக்கி, சிறிது விளக்கெண்ணெய் விட்டு ஆறவையுங்கள். சேர்வராயன் மலையில் தேன் எடுக்கிறவர்களிடம் மெழுகு கேட்டால் கிடைக்கும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் கோடைக்கு மெழுகைக் கூட்டுங்கள், குளிருக்குக் குறையுங்கள். அளவு உங்கள் ஊர் வெயில் சொல்லும்: விரலால் எடுக்கும்போது வெண்ணெயைவிடச் சற்று இறுக்கமாக இருந்தால் சரி. நேரே தீயில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் வேறொரு கிண்ணம் வைத்து உருக்குங்கள். கடையில் விற்கும் உப்பு வெண்ணெயோ, சமைத்த கறியில் வழித்த கொழுப்போ கூடாது. உப்பைக் கழுவத்தான் இவ்வளவு பாடும்; நாமே கொண்டுபோய் உப்பு வைக்க வேண்டுமா?

கொழுப்பு வைத்தால் பக்கத்து அறை தீப்பிடிக்காது என்கிறார்களே?

ஓர் அறையைச் சுடும்போது பக்கத்து அறையும் சேர்ந்து வெடிப்பதை இது தடுக்கும் என்பது பழைய நம்பிக்கை. முதல் குண்டின் வேகத்திலேயே பக்கத்து அறைக் கொழுப்பு பாதி வழிந்துவிடுவதைப் பார்த்தவர்கள் இதை முழுதாக நம்ப மாட்டார்கள். உண்மையான காப்பு இரண்டு. குண்டு அறையைவிட மிகச் சிறிதளவு பெரியதாக இருந்து, அழுத்தும்போது ஈயம் வளையமாகச் செதுங்கி விழ வேண்டும். கேப் முளையில் இறுக்கமாக உட்கார வேண்டும், ஆடக் கூடாது. கொழுப்பை நான் பரிந்துரைப்பது கரியை இளக்கி வைப்பதற்காக.

வழிந்து கையெல்லாம் பிசுக்கு என்று முறையிடுகிறவர்களுக்கு மாற்று வழி உண்டு. கொழுப்பில் ஊறவைத்த கம்பளித் துணி வட்டை மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வைப்பது. வெயிலில் வழியாது, குழலையும் போகிற போக்கில் துடைத்துக்கொண்டு போகும். நீண்ட அமர்வுக்கு எனக்கு இதுதான் பிடிக்கும். ஒரே நிபந்தனை, மெழுகு தூக்கலாக இருக்க வேண்டும்; எண்ணெய் தூக்கலாக இருந்தால் மருந்துக்குள் கசியும்.

மருந்தின் மேல் ரவை போடுகிறார்களே, ஜவ்வரிசி மாவு போடலாமா?

சேலத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான்! மருந்து குறைவாகப் போடும்போது குண்டு அறையின் அடியில் போய்த் தங்காமல் இருக்க, இடத்தை நிரப்ப உப்புமா ரவை போடுவது வழக்கம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கவே கூடாது. மாவு வேண்டாம்; ஈரமும் கொழுப்பும் பட்டால் கஞ்சியாகி இறுகும். ரவையே போதும். ஜவ்வரிசியைப் பாயசத்துக்கு வையுங்கள்.

கேப் துண்டுகள் உள்ளே விழுந்து குதிரை மாட்டிக்கொள்கிறது. இதுவும் கரியா?

இல்லை. வெடித்த கேப்பின் செப்புத் தகடு கிழிந்து, குதிரையைப் பின்னால் இழுக்கும்போது அந்த இடுக்கில் விழுகிறது. கோல்ட் மாதிரியில் இது அதிகம். முளைக்குச் சற்றும் பெரிதல்லாத கேப் வாங்குங்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் துப்பாக்கியின் வாயை மேல்நோக்கி, இலக்கின் திசையிலேயே வைத்துக் குதிரையை இழுத்தால் துண்டு வெளியே விழும். சுடுதள விதி அதற்கு இடம் கொடுத்தால் மட்டும். முளையின் துளையைக் குத்தித் திறக்க மெல்லிய கம்பி ஒன்று பையில் இருக்கட்டும். அறைகள் காலியாக இருக்கும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து போட்டால் கழுவ வேண்டாமா?

வேண்டும். பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருக்கிறது. எரிந்தபின் அது விடும் குளோரைடு உப்பு துருவுக்கு இன்னும் உகந்தது. டிரிபிள் செவன் என்ற இன்னொரு மாற்று மருந்து கந்தகம் இல்லாதது, நாற்றம் குறைவு, தண்ணீரில் எளிதில் போகும். ஆனால் குழலில் ஓரிடத்தில் கெட்டியான வளையம் விடும், துடைக்காமல் அடுத்த குண்டு போவது கடினம். உண்மையான கருமருந்திலேயே தரம் வேறுபடும். சுவிட்சர்லாந்தின் ஸ்விஸ் மருந்து விடும் கரி மற்றவற்றைவிட இளக்கமானது என்று பேர் வாங்கியது. எது போட்டாலும், கருமருந்துக்கென்று செய்த துப்பாக்கியில் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. அந்த அழுத்தத்தை உருளை தாங்காது.

தோட்டத்தில் மருந்து தீர்ந்துவிட்டது. பட்டாசைப் பிரித்துப் போடலாமா?

கூடாது. பட்டாசு மருந்தில் அலுமினியத் தூள் கலப்பது வழக்கம். அது குண்டைத் தள்ளாது, குழலைப் பிளக்கும். கை போனவர்கள் கதை எல்லா மலையிலும் உண்டு.

ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் வாங்கிவிட்டால் தொல்லை தீருமா?

சேலம் உருக்காலை இருக்கும் ஊரில் இந்த நம்பிக்கை இருப்பது இயல்பு. துரு மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். உப்பு நாள்கணக்கில் உட்கார்ந்தால் ஸ்டெயின்லெஸிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழும். உருளை இறுகுவதோ உலோகத்தைப் பொறுத்ததே அல்ல. காசு மிச்சமிருந்தால் வாங்குங்கள், துடைக்கும் துணியையும் சேர்த்து வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்து கழுவும்போது கொதிநீரா, பச்சைத் தண்ணீரா?

கைபொறுக்கும் சூடு போதும். கொதிநீர் ஊற்றினால் உலோகம் தானே உலரும் என்பார்கள். உலரும்தான், உலர்வதற்குள் மஞ்சள் துருப் படலமும் ஏறும். மரப்பிடியைக் கழற்றி வையுங்கள். குழல், உருளை, முளைகள் எல்லாம் சோப்புத் தண்ணீரில், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம். சல்ஃபைடு தண்ணீரில் பட்டால் அப்படித்தான் நாறும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் மேட்டூர் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். உடனே துடைத்து, சேலம் என்றால் சிறிது வெயில், ஏற்காடு என்றால் தலைமுடி உலர்த்தும் கருவி. உலர்ந்த பிறகு எண்ணெய்.

முழுதாகச் சுத்தமாகி உலர்ந்த உலோகத்தில், நாள்கணக்கில் வைப்பதற்குக் கனிம எண்ணெய் பூசலாம். மறுபடி சுடப் போகும் முன் அதைத் துடைத்தெடுத்து, மருந்து இல்லாமல் ஒவ்வொரு முளையிலும் ஒரு கேப் மட்டும் வெடித்து எண்ணெயை எரித்துவிடுங்கள். மறுநாள் ஒரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் இன்னொரு முறை கழுவ வேண்டும்.

ஐயா, எங்கள் ஒற்றைக்குழல் அப்பா காலத்தது. ரிவால்வர் முறை இதற்கும் பொருந்துமா?

கழுவுவது அப்படியே பொருந்தும். ஆனால் உங்களுக்கு இன்னும் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. நீண்ட குழலின் அடியில் கரிக்கடியில் நெருப்புப் பொறி ஒளிந்திருக்கலாம். அதன்மேல் மருந்தைக் கொட்டினால் கொட்டுகிற கையோடு போகும். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத் துணித்துண்டை அடிவரை விட்டு எடுங்கள். மருந்தைச் சேமிப்புக் குப்பியிலிருந்து நேரே கொட்டாதீர்கள், அளவுக் குவளையில் எடுத்தே கொட்டுங்கள்.

மருந்து கெட்டித்த துப்பாக்கியை மழைக்காலம் முழுவதும் மூலையில் சாய்த்து வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். மருந்து ஈரம் குடித்து அடிப்பகுதியை அரிக்கும்; பிறகு அதை எடுக்கிறவருக்கு உள்ளே மருந்து இருப்பதே தெரியாது. குழல் காலியாக இருக்கும்போது கெட்டிக்கும் தடியை அடிவரை விட்டு, வாயோரம் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அடைபட்ட பழைய கெட்டிப்பை நீங்களே குடைய வேண்டாம், உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுகாரரிடம் கொண்டுபோங்கள்.

காட்டுமாடு வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

மாமா, திரும்பி வரும்போது ரிவால்வரை ஊருக்குக் கொண்டு வரலாமா?

வேண்டாம், மாப்பிள்ளை. அமெரிக்க மத்தியச் சட்டம் இந்த வகையைப் பழம்பொருளாகக் கருதுகிறது. அங்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இது துப்பாக்கி, உரிமம் வேண்டும். பழைமையான ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் பழுது பார்த்தாலும்கூடச் சுட முடியாதவற்றுக்குத்தான். நேற்று இத்தாலியில் செய்த மாதிரிக்கு அது செல்லாது. அங்கேயே சுட்டு, அங்கேயே கழுவி, அங்கேயே விற்றுவிட்டு வாருங்கள்.

கழுவிய தண்ணீரில் பொட்டாசியம் இருக்கிறதே, காப்பிச் செடிக்கு ஊற்றலாமா?

பொட்டாசியம் இருப்பது உண்மை. ஈயமும் இருக்கிறது. செடிக்கும் வேண்டாம், கிணற்றோரமும் வேண்டாம், மாடு நக்கும் இடமும் வேண்டாம். துடைத்த துணிகளைத் தனிப் பையில் கட்டுங்கள், சமையல் பாத்திரத்தில் கொழுப்பு உருக்காதீர்கள், சாப்பிட உட்காரும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.